காரணம் எழுதிய பட்டியல்

சேலம் மாவட்டத்து நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி நூலகம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னை இங்கே பேச அழைத்திருக்கிறார்கள். ஆனால் நான் எடுத்துக்கொண்ட பொருள் நூலகத்தின் அடுக்குகளைப் பற்றியதன்று. நம்மில் பலர் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்திலோ கைப்பேசியிலோ எழுதி வைத்திருக்கும், படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலைப் பற்றியது. மாவட்டப் புத்தகத் திருவிழா நடக்கும் நாள்களில் கடைக்குக் கடை நின்று அட்டைப் படங்களைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆண்டிறுதியில் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டால் ஒரு பெயர் சேர்கிறது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வந்தால் பத்துப் பெயர்கள் சேர்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் உருகி எழுதினால் அதுவும் சேர்கிறது. சேர்ப்பதற்குக் காசு செலவில்லை, நேரமும் செலவில்லை. பட்டியல் வீங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்த்துவிடுவோம். வேலைக்குப் போகிற ஒருவர், குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவே, நாள் தவறாமல் 20 பக்கங்கள் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல வேகம்தான். ஓர் ஆண்டில் அவர் படிப்பது 7,300 பக்கங்கள். 300 பக்க நூல்களாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 24 நூல்கள். நடுவில் அவர் பொன்னியின் செல்வனை மீண்டும் ஒருமுறை எடுத்துவிட்டால், அதன் 5 பாகங்களும் 2,000 பக்கங்களுக்கு மேல் நீளுகிற காரணத்தால், மூன்று மாதங்களுக்கு மேல் அதற்கே போய்விடும். இதே மனிதர் வாரத்துக்கு இரண்டு பெயர்களை மட்டும் பட்டியலில் சேர்க்கிறார் என்றாலும் ஆண்டுக்கு 104 ஆகிறது. படித்தது 24 போக 80 மிஞ்சுகிறது, பத்தாண்டுகளில் 800. அவர் சோம்பேறி அல்லர், ஒரு நாளும் தவறவில்லை. இருந்தும் பட்டியல் தீரவில்லை. தீராது என்பதுதான் கணக்கு சொல்வது. ஆகவே, பட்டியலை முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். அது அடைக்க வேண்டிய கடன் என்று எவரும் நம்மிடம் எழுதி வாங்கவில்லை.

இந்த இடத்தில் பலர் நாலடியாரின் வெண்பா ஒன்றின் முதல் அடியைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். கல்விக்குக் கரையில்லை, கற்பவருக்கு நாள்கள் சில என்பது எல்லோருக்கும் தெரிந்த அடி. ஆனால் அந்த வெண்பா அங்கே நின்றுவிடவில்லை. கற்பவருக்குப் பிணிகளும் பல என்று மேலும் ஒரு தடையைக் கூட்டிவிட்டு, பின்னிரண்டு அடிகளில் செய்ய வேண்டியதைச் சொல்கிறது: நீரை ஒழித்துப் பாலை உண்ணும் பறவையைப் போல ஆராய்ந்து, தமக்குப் பொருந்தியதைக் கற்பார்கள் என்கிறது. அதாவது, பாடியவர் நாள் போதாமையைக் குறித்து வருந்தவில்லை, தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். முதல் அடியை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறவர்கள் பின்னடிகளையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

தேர்ந்தெடுப்பது எப்படி என்பதில் நூலகத் தொழில் சில வழிகளை வைத்திருக்கிறது. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். அவற்றுள் நான்காவது, வாசகரின் காலத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. ஐந்தாவது, நூலகம் வளர்கின்ற ஓர் உயிரி என்பது. ஐந்தாவதை மேடைகளில் சொல்லும்போது வளர்ச்சியை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ரங்கநாதன் விளக்கியதோ வேறு: உயிருள்ள எதுவும் புதியதை உட்கொள்ளும், பழையதைக் கழிக்கும், வடிவமும் மாறும். நம்முடைய பட்டியல்கள் உட்கொள்வதோடு சரி, எதையும் கழிப்பதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு சண்டையில் அடிபட்ட நூலின் பெயர், அந்தச் சண்டையே மறந்துபோன பிறகும் அதில் உட்கார்ந்திருக்கிறது.

நூலகத்தில் ஒரு நூலைக் கழிக்கலாமா என்று முடிவு செய்யும்போது அதன் பின்பக்கத்தில் ஒட்டியுள்ள தேதிச் சீட்டைப் புரட்டிப் பார்ப்போம். கடைசியாக எப்போது இரவல் போனது, எத்தனை பேர் எடுத்தார்கள் என்பது அதிலேயே இருக்கும். சொந்தப் பட்டியலில் அப்படி ஒரு சீட்டு இல்லை. வெறும் நூற்பெயர் மட்டும் இருக்கிறது. ஓராண்டு கழித்துப் பார்த்தால், இதை ஏன் எழுதினோம் என்பதே நினைவுக்கு வருவதில்லை. ஏன் என்று தெரியாத காரணத்தால் அடிக்கவும் மனம் வருவதில்லை. எனவே நான் வற்புறுத்தும் ஒரே வழக்கம் இதுதான்: நூலின் பெயருக்கு அருகில், யார் சொன்னார், எந்த மாதம் சொன்னார், எதை அறிய விரும்பி இதைக் குறித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரி எழுதுவதற்குக் காரணம் கிடைக்காத நூலைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பாதிப் பெயர்கள் வாசலிலேயே நின்றுவிடும்.

காரணம் எழுதுவதில் மற்றொரு பயன் உண்டு. அந்த நூலில் எவ்வளவு தேவை என்பதையும் அதுவே சொல்லிவிடும். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். நம் சேலத்து இரும்புத் தாதைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் ஆலை நடத்திய ஹீத் என்ற ஆங்கிலேயரைப் பற்றி ஒருவர் கேள்விப்படுகிறார். உடனே 1883இல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேட்டையும், 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்டக் கெசட்டியர் என்ற விவரத் தொகுப்பையும் பட்டியலில் எழுதிக்கொள்கிறார். வெறும் பெயர்களாக எழுதினால், பருத்த இரண்டு ஆங்கில நூல்கள் அவரைப் பல ஆண்டுகள் மிரட்டிக்கொண்டிருக்கும். 'இரும்பு ஆலையைப் பற்றி அறிய' என்று பக்கத்தில் எழுதியிருந்தாலோ, பொருளடக்கத்தையும் சொல்லடைவையும் பார்த்து, வேண்டிய பக்கங்களை ஒரு பிற்பகலில் படித்துக் குறிப்பெடுத்துவிட்டு இரண்டையும் அடித்துவிடலாம். கெசட்டியரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எவரும் படிப்பதில்லை. அதை எழுதியவரும் அப்படி எதிர்பார்த்திருக்கமாட்டார்.

பட்டியலின் நீளத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பெரும்பாலான பட்டியல்கள் ஒரே திசையில் நீளுகின்றன. நாம் யாரோடு பழகுகிறோமோ அவர்கள் படிப்பதையே நாமும் குறித்துக்கொள்கிறோம். நாவல் படிக்கிறவர் பட்டியலில் நாவல்களே. அரசியல் பேசுகிறவர் பட்டியலில் அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கருத்துகளைச் சொல்லும் நூல்களே. இதற்கு மிகச் சிறந்த சான்று நம் ஊர்ப் பெயரோடு சேர்ந்தே தமிழ் இலக்கிய வரலாற்றில் நிற்கிறது. 1880ஆம் ஆண்டு, கும்பகோணம் கல்லூரியில் அப்போதுதான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அல்லவா. அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று நீண்ட பட்டியலைச் சொல்கிறார். முதலியார் வியக்கவில்லை. இவற்றுக்கு முந்தைய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணியின் பெயரைச் சொல்கிறார்.

அந்தக் காலத்தில் ஒரு தமிழ் மாணவர் அதைவிட அதிகமாகப் படித்திருக்க முடியாது. குறை அவருடைய உழைப்பில் இல்லை. அவர் பாடம் கேட்ட திருவாவடுதுறை ஆதீனம் என்ற சைவ மடத்தைச் சுற்றிப் புழங்கிய நூல்கள் எவையோ அவையே அவருடைய பட்டியலாக இருந்தன. அந்த வட்டத்துக்குள் எவரும் சிந்தாமணியைப் பாடம் சொல்லவில்லை, ஆகவே அது பட்டியலில் ஏறவும் இல்லை. வட்டத்துக்கு வெளியிலிருந்து, நீதிமன்ற வேலை பார்க்கும் ஒருவர் கேட்ட கேள்விதான் அதை ஏற்றியது. முதலியார் கொடுத்த படியை வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கி, 1887இல் சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் ஐயர் பதிப்பித்தார். இத்தனைக்கும் முதலியாரின் கேள்வி அவருக்கு அன்று இனிப்பாக இருந்திருக்காது.

நம்மில் எவரும் உ. வே. சா. அல்லர் என்பது உண்மைதான். எனினும் இந்த முறையை நாமும் பின்பற்றலாம். உங்கள் பட்டியலில் கடைசியாகச் சேர்ந்த பெயர்களைப் பாருங்கள். யார் சொன்னார் என்ற இடத்தில் ஒரே நண்பரின் பெயரோ ஒரே இதழின் பெயரோ திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த பெயரை வேறு தொழில் செய்பவரிடம் கேளுங்கள். அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் உறவினர், கால்நடை மருத்துவர், பேருந்தில் பக்கத்து இருக்கையில் கணக்கு வினாத்தாள் திருத்திக்கொண்டு வரும் ஆசிரியை, இவர்களிடம் கேட்டால் நம் பட்டியலில் தானாக ஒருபோதும் ஏறியிருக்காத ஒரு நூல் கிடைக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலைக் கவாத்து செய்வது அவசியம். இந்தச் சொல்லைச் சேர்வராயன் மலையில் தோட்டம் வைத்திருக்கும் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறித்து முடிந்த பிறகு, செடியின் நடுவில் வெளிச்சம் இறங்கும்படி கிளைகளைக் கழிப்பார்கள். அடுத்த ஆண்டு காய்ப்பது புதிதாக வரும் கிளைகளில்தான் என்பதால், பழைய கிளையை விட்டுவைப்பது விளைச்சலுக்கே கேடு. அதே பிப்ரவரி, மார்ச்சில், புத்தகக் காட்சிகளின் ஆரவாரம் அடங்கிய பிறகு, ஒரு நாள் உட்கார்ந்து பட்டியலை எடுங்கள். எழுதிய காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தேர்வுக்காகக் குறித்தது தேர்வு முடிந்ததும் போகட்டும். எல்லோரும் ஒரு மாதம் புகழ்ந்து, அடுத்த மாதம் மறந்த நூல் போகட்டும். அடித்த நூல் உலகத்திலிருந்து மறைந்துவிடுவதில்லை. மறுபடி வேண்டுமென்றால் அதற்கான காரணத்தோடு மறுபடி வரும்.

கம்பராமாயணம் போன்றவற்றைப் பட்டியலில் வைப்பதே எனக்கு உடன்பாடில்லை. 10,000க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட ஒரு காப்பியத்தை, அடுத்து முடிக்க வேண்டிய நூல் என்று எழுதினால் அது அங்கேயே கிடக்கும். நாளொன்றுக்குப் பத்துப் பாடல் என்று காலைக் காப்பிக்கு முன்பே படிக்கத் தொடங்கினால் மூன்றாண்டுகளுக்குள் முடிந்துவிடும். அது அன்றாடப் பழக்கத்தைச் சேர்ந்தது, பட்டியலைச் சேர்ந்ததன்று. தொடங்கிய நூல் எதையும் முடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விடலாம். நாவல் என்றால் ஐம்பது பக்கம் வரை பொறுமை காட்டுங்கள். அதற்கு மேலும் பிடிக்காவிட்டால் மூடி வைப்பதில் ஆசிரியருக்கு அவமதிப்பு ஒன்றுமில்லை.

வாங்கிவிட்டுப் படிக்காத நூல்களை இந்தப் பட்டியலோடு கலக்காமல் தனியாக எழுதி வைக்க வேண்டும். அவற்றுக்குப் பணம் கொடுத்தாயிற்று, இடமும் கொடுத்தாயிற்று. பிரிக்காமல் வைத்தால் இராமபாணப் பூச்சிக்கும் கொடுத்ததாகும். மலைமேல் வீடு உள்ளவர்களுக்கு மழைக்காலத்தில் பூஞ்சணத் தொல்லை வேறு. கீழே சேலத்துக் கோடையில் பழைய கட்டுகளின் பசை காய்ந்து முதுகு விரிந்துவிடுகிறது. வாங்கும் ஆசை வரும்போது, முதலில் மாவட்ட மைய நூலகத்திலோ அருகிலுள்ள கிளை நூலகத்திலோ அந்த நூல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே நாம் கட்டுகிறோம். அந்த நூல்களுக்கு ஏற்கெனவே விலை கொடுத்தவர்கள் நாம். மேலும், இரவல் நூலைத் திருப்பித் தர ஒரு நாள் குறிக்கப்பட்டிருப்பதால் அதைப் படித்துவிடுவோம். சொந்த நூல் எங்கே போய்விடப் போகிறது என்ற நினைப்பில்தான் அது கிடக்கிறது. பழந்தமிழ் நூல்கள் என்றால், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன.

வாங்கிய நூல்களில் இனிப் படிக்கப் போவதில்லை என்று முடிவு செய்தவற்றை நல்ல நிலையில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். கிளை நூலகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால், நூலகரிடம் பட்டியலை முதலில் காட்டி, எவை வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அவற்றை மட்டும் கொண்டுபோங்கள். பாடத்திட்டம் மாறிவிட்ட பழைய வழிகாட்டி நூல்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து நன்கொடை என்று இறக்கிவிட்டுப் போகிறவர்களை என் பணிக்காலத்தில் நிறையவே பார்த்திருக்கிறேன். அவற்றைப் பழைய தாள் கடைக்கே கொடுத்துவிடலாம். நூலகரின் நேரமும் மிச்சமாகும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.