அம்மிக்கல்லும் ஒப்பந்தமும்

(அட்டனில் உயர்தர மாணவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, பெற்றோரே, வணக்கம்.

நாடுகள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்று சொல்லும் சர்வதேச உறவுகள் படிக்கப் போகிறேன் என்று தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை சொன்னால், "அது கொழும்பு ஆட்கள் படிப்பு, நமக்கெதுக்கு?" என்கிறார்கள். நம்மை விட அதைப் படிக்க வேண்டியவர்கள் யாரும் இல்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலாம் உலகப் போரின் சாவுகளைப் பார்த்த பிறகு, 1919இல், வேல்ஸின் அபெரிஸ்ட்வித் கல்லூரியில் இந்தத் துறைக்கென்று ஒரு பேராசிரியர் பதவி உருவானது. இனி போர் வராமல் என்ன செய்யலாம் என்பது அவர்கள் கேள்வி. சரி, நம் கேள்வி என்ன?

இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்மை எந்த நாடு ஏற்பது என்று ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 975,000 பேர். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிச்சம் 150,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து நிறுக்கும்போதாவது பறித்தவள் பக்கத்தில் நின்று தராசைப் பார்க்கலாம். நம்மையே நிறுத்துப் பிரித்த அன்று நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் அத்தை குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது. கோச்சி ரயிலுக்குப் புறப்பட்ட காலையில் அத்தை தன் அம்மிக்கல்லை எங்கள் லயத்து வீட்டு வாசலில் இறக்கி வைத்து, "பாத்துக்குங்க அண்ணி, வந்து எடுத்துக்கிறேன்" என்றார். மஞ்சள் கறை அதில் காயவில்லை. அத்தை வரவே இல்லை.

"இந்தியா ஏன் ஒத்துக்கிச்சு?" என்று அம்மா பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் எனக்குப் பல்கலைக்கழகத்தில்தான் கிடைத்தது. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதே நேருவின் நிலைப்பாடு. 1962இல் சீனாவுடன் போர். 1964 மே மாதம் நேரு மறைந்தார். அக்கம்பக்கத்து நாடுகளின் நட்பு டெல்லிக்கு அவசரத் தேவையானது. அந்தத் தேவைக்கு நாமும் ஒரு விலையானோம் என்றே நான் படித்துப் புரிந்துகொண்டேன். அம்மாவிடம் சொன்னபோது வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்க தப்பு ஒன்னும் இல்ல" என்றார்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட், குடியுரிமை விண்ணப்பம், தமிழ்நாட்டில் கப்பலிறங்கியவர்கள் தங்கிய மண்டபம் முகாமிலிருந்து வந்த கடிதம் ஏதாவது இருந்தால் அடுத்த ஞாயிறு எடுத்து வாருங்கள். எந்தப் பாடநூலையும் திறக்கும் முன் அவற்றைப் படிப்போம்.