அப்பத்தா கையில் இருந்த இரண்டு தடங்கள்

[திரையில்: பழைய புகைப்படம். வயதான பெண்ணின் இடது கை.]

வணக்கம். இது என் அப்பத்தாவின் கை. மேலே, புஜத்தில், நாலணா அளவுக்கு இரண்டு வட்டத் தழும்புகள். பெரியம்மைக்குத் தடுப்பூசி குத்திய இடம். கீழே, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, புள்ளிக் கோலம். பச்சை குத்தியது.

இரண்டுமே ஊசியால் வந்தவை. இரண்டுக்கும் ஆள் பிடித்து உட்கார வைத்தார்களாம், இரண்டுக்கும் அழுதாராம். ஆனால் வீட்டுக்கு வந்தவர்களிடம் அப்பத்தா நீட்டிக் காட்டியது கோலத்தை மட்டும்தான். தழும்பைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

தோலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மேல்தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாகிவிடும். பச்சையும் தழும்பும் தங்குவது அதற்குக் கீழே, உள்தோலில்.

[திரையில்: தோலின் குறுக்கு வெட்டுப் படம்]

மை உள்ளே இறங்கியதும் நோய் எதிர்ப்புச் செல்கள் ஓடிவந்து அதை விழுங்குகின்றன. செரிக்க முடிவதில்லை. அந்தச் செல் செத்தால் மை வெளியே கொட்டும். அடுத்து வரும் செல் அதை அள்ளி விழுங்கிக்கொள்ளும். பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எலிகளை வைத்து 2018-இல் இதைக் காட்டினார்கள். அப்பத்தாவின் கோலம் அத்தனை வருஷம் கலையாமல் இருந்ததற்கு எனக்குத் தெரிந்து இதைவிட அழகான விளக்கம் இல்லை.

தழும்பு வேறு மாதிரி. ஆழமான காயத்தை உடல் அவசர அவசரமாக கொலாஜன் என்ற புரத நார் போட்டு அடைக்கிறது. நல்ல தோலில் அந்த நார் கூடை முடைந்ததுபோல் பின்னிக் கிடக்கும். தழும்பில் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். அங்கே முடி முளைக்காது, வேர்க்காது. சிலருக்கு நார் அளவுக்கு மீறிச் சேர்ந்து காயத்தைத் தாண்டியும் புடைத்துக்கொள்ளும். கீலாய்டு என்பார்கள். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு இது அதிகம். காது குத்திய இடத்தில்கூட வரும்.

சரி, அப்புறம் ஏன் ஒன்றுக்குப் பெருமை, இன்னொன்றுக்கு மௌனம்?

பச்சைக்கு ஒரு கதை இருந்தது. மஞ்சளையும் அகத்தி இலையையும் துணியில் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரிதான் மை. மூன்று நான்கு ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவார்கள். “நகையெல்லாம் கழட்டிக்குவாங்க, இதை மட்டும் யாரும் கழட்ட முடியாது” என்பார் அப்பத்தா.

தழும்பையும் கொண்டாடியவர்கள்தான் நாம். மார்பில் பட்டால் விழுப்புண், வீரனுக்கு அழகு. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் பட்ட புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான், அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிரை விட்டான் என்கிறது புறநானூறு. புண் ஒன்றுதான், பட்ட இடம் மாறியதும் அது உயிரையே கேட்டது.

பச்சையும் அப்படித்தான் தலைகீழாகிறது. ராணுவத்தில் சேர விரும்புகிறவர்களுக்கு முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டும்தான் பொதுவாக அனுமதி. தோளில் ஆசையாகக் குத்திய பெயரை லேசரில் அழிக்கப் போகிறார்கள் பையன்கள். லேசர் மையைப் பொடிப்பொடியாக உடைக்கிறது, உடல் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போகிறது. பல தடவை போக வேண்டும். குத்தியதைவிட இது வலிக்கிறது என்று சொல்பவர்கள் நிறைய.

[திரையில்: வலது மணிக்கட்டு, மிக அருகில்]

இது என்னுடையது. பதினொரு வயதில் சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டியது. ஓரம் சுருங்கி, நடுவில் மட்டும் மினுமினுக்கும். பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது “என்ன ஆச்சு?” என்றுதான். பெயர்கூட அப்புறம்தான். அதற்காகவே பல வருஷம் முழுக்கை போட்டேன்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு அங்க அடையாளம் எழுதும் நாளில், மச்சம் தேடி ஆசிரியர் ஒவ்வொருவர் கையாகத் திருப்பிப் பார்த்தார். என் முறை வந்ததும் தேடவில்லை. “உனக்குத்தான் இது இருக்கே” என்று சொல்லிவிட்டு எழுதினார், அவ்வளவுதான். கேள்வி கேட்காமல் என் தழும்பைப் பார்த்த முதல் ஆள் அவர்.

போன வருஷம் பாஸ்போர்ட் படிவத்தில் அதே கேள்வி வந்தது. கையைத் திருப்பிப் பார்க்காமலே எழுதினேன்: வலது மணிக்கட்டில் தீப்புண் தழும்பு.