ரஷ்யா என்ன செய்யும்? 1944-இல் லண்டன் போட்ட கணக்கு

நண்பர்களே, வணக்கம். இரண்டாம் உலகப் போரில் உளவு என்றாலே ஜெர்மானியரின் ரகசியக் குறியீட்டை உடைத்த கதைதான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது வேறு. தோளோடு தோள் நின்ற சோவியத் ஒன்றியம், போர் முடிந்ததும் என்ன செய்யும் என்று பிரிட்டன் கணிக்கப் பார்த்ததே, அதைப் பற்றி.

1944-இல் லண்டனுக்குள்ளேயே இதில் பெரிய சண்டை. நாளைய எதிரி ரஷ்யாவாக இருக்கலாம், அப்போது ஜெர்மனியின் பலம்கூட நமக்கு வேண்டியிருக்கும் என்றார்கள் முப்படைத் தளபதிகள். வெளியுறவுத் துறை கொதித்தது. இந்தப் பேச்சு மாஸ்கோவின் காதுக்கு எட்டினால் கூட்டணியே உடையும் என்றது. அந்தப் பயம் வீணானதல்ல. பிரிட்டிஷ் உளவுத்துறையில் சோவியத்துக்கு எதிரான பிரிவின் தலைமைக்கு அந்த ஆண்டு வந்தவர் கிம் பில்பி. அவரே மாஸ்கோவின் ஆள்!

அந்த டிசம்பரில், உளவுத் தகவல்களைத் தொகுத்து மதிப்பிடும் பிரிட்டனின் கூட்டு உளவுக் குழு ஓர் அறிக்கை தந்தது. ரஷ்யாவின் முதல் கவலை பாதுகாப்பு. ஜெர்மனி மறுபடி எழக் கூடாது, எல்லையில் தனக்கு இணக்கமான நாடுகள் வேண்டும், சிதைந்த நாட்டைக் கட்ட அமைதி வேண்டும். நம்மை நம்பினால் ஒத்துழைக்கும். இதுதான் சாரம். அமெரிக்க உளவு அமைப்பின் ஆய்வுப் பிரிவும் ஏறக்குறைய இதையே சொன்னது.

இதை ஏமாளித்தனம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்றைய மதிப்பீட்டின்படி சுமார் 2.7 கோடிப் பேரை இழந்த நாடு அது. 1944 ஜனவரியில் சோவியத் ராஜதந்திரி மாய்ஸ்கி, வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவுக்கு எழுதிய நீண்ட குறிப்பிலும் 30 முதல் 50 ஆண்டு அமைதிதான் இலக்கு. அந்த அளவில் லண்டன் சரியாகவே படித்திருந்தது.

சரி, எங்கே சறுக்கியது? ரஷ்யாவின் பாதுகாப்புக்கு விலை கொடுக்கப்போவது யார் என்ற கேள்வியில்தான். அந்த ஆகஸ்டில் போலந்தின் தலைநகர் வார்சாவின் மக்கள் ஜெர்மானியரை எதிர்த்து எழுந்து 63 நாள் போராடினார்கள். உதவிப் பொருள் போட வரும் நேச நாட்டு விமானங்கள் தன் தளங்களில் இறங்க, செப்டம்பர் வரை ஸ்டாலின் அனுமதிக்கவில்லை. அறிக்கை எழுதும்போது இதெல்லாம் கண்முன்னால் நடந்து முடிந்திருந்தது. அக்டோபரில் சர்ச்சிலே மாஸ்கோ போய், ருமேனியாவில் உங்களுக்கு 90 சதவீதச் செல்வாக்கு, கிரீஸில் எங்களுக்கு 90 என்று ஒரு தாளில் எழுதி நீட்டியிருந்தார். வல்லரசுகளின் மனதை அளந்தவர்கள் நடுவில் மாட்டிய மக்களை அளக்கவில்லை. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1945 மார்ச்சில், பேச்சுவார்த்தைக்கு வாருங்கள் என்று அழைத்து, ஜெர்மானியரை எதிர்த்துத் தலைமறைவாக இயங்கிய போலந்துத் தலைவர்கள் 16 பேரைச் சோவியத் காவலர்கள் கைது செய்தார்கள். ஜூனில் மாஸ்கோவில் விசாரணை. அதற்குள் சர்ச்சில் நேர் எதிர்முனைக்குப் போயிருந்தார். போலந்துக்கு நியாயம் வாங்கித்தர ரஷ்யாவோடு போர் தொடுத்தால் என்ன ஆகும் என்று திட்டக்காரர்களைக் கேட்டார். மே 22-இல் கணக்கு வந்தது. சோவியத் ராணுவமான செம்படையின் எண்ணிக்கையைப் பார்த்த தளபதிகள் ஜூனில் கையை விரித்துவிட்டார்கள்.