பதினைந்து வயதோடு பசி நின்றுவிடுமா?

(கோவில்பட்டி வட்டாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, இந்தக் கூட்டத்துக்கு மறுபேச்சில்லாமல் இடம் கொடுத்த தலைமையாசிரியர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அம்மா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, கடையை மூடிவிட்டு வந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! போன வருடம் தனி வகுப்பு நடந்த நாட்கள் முழுவதும் கொண்டைக்கடலை இவர் கடையிலிருந்துதான் வந்தது. பில் வரவே இல்லை. இரண்டு முறை கேட்டனுப்பினேன். “அந்தப் பேச்சே வேண்டாம் சார்” என்று சொல்லிவிட்டார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். அப்புறம், கூப்பிட்டும் மேடைக்கு வராமல் சமையல்கூடத்து வாசலிலேயே நிற்கும் சத்துணவு அமைப்பாளர் அம்மாவுக்கும் சமையலருக்கும் உதவியாளருக்கும் என் தனி வணக்கம். வரிசைப்படி உங்களைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் எந்த மேடையிலும் நான் சொல்வதை இங்கும் சொல்கிறேன்: அடுத்த முறை பொன்னாடைக்குப் பதிலாக ஒரு கிலோ துவரம்பருப்பு கொடுங்கள். வாங்கி அப்படியே அந்தச் சமையல்கூடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவேன்.

மூன்று விஷயங்கள் பேச நினைத்து வந்தேன். பள்ளிக்கூடத்துச் சோறு நம் நாட்டில் எப்படி வந்தது என்பது ஒன்று. ஊர்க்காரர்கள் அதில் எப்படிக் கைகொடுக்கலாம் என்பது இரண்டாவது. பள்ளிக்குப் பின்னால் சும்மா கிடக்கும் நிலத்தில் முருங்கையும் கீரையும் போடுவது மூன்றாவது.

சுவர் இருந்தால்தான் சித்திரம். என் வகுப்பில் படித்தவர்கள் இதை ஆயிரம் முறை கேட்டிருப்பீர்கள். அப்போது உடற்பயிற்சிக்காகச் சொன்னேன். இன்று சோற்றுக்காகச் சொல்கிறேன்.

1920-ல் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. 1925-ல் வெள்ளைக்கார அரசு அந்தச் செலவுக்கு முட்டுக்கட்டை போட்டு நிறுத்தியது. பிறகு 1956. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களை இதில் சேர்த்தார். ஆரம்பத்தில் அது ஊர்க்காரர்கள் போட்ட சோறுதான். பிறகு அரசும் பங்கு போட்டது. ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசா என்றால் அரசு 6 பைசா, ஊர் 4 பைசா. அந்த 4 பைசாவை எந்தப் பணக்காரரும் மொத்தமாகக் கொடுத்துவிடவில்லை. அறுவடைக் களத்தில் கம்பாகவும் சோளமாகவும் வந்தது, வீட்டு வாசலில் பிடி அரிசியாக வந்தது.

அப்புறம் எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ஆம் தேதி சத்துணவைத் தொடங்கினார். 1984-ல் அதை 15 வயதுப் பிள்ளைகள் வரை நீட்டினார்கள். பத்தாம் வகுப்பு வரை சோறு வந்தது. 1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டே மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்துவிட்டது. ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் கிச்சடி, ஒரு நாள் பொங்கல். ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. இத்தனை ஆட்சிகள் மாறியும் யாரும் பிள்ளைகளின் தட்டில் கை வைக்கவில்லை, ஒவ்வொருவரும் கொஞ்சம் கூட்டித்தான் வைத்தார்கள். இதைவிட நாம் பெருமைப்பட என்ன இருக்கிறது?

ஆனால் 1984-ல் 15 வயதில் நின்ற அந்தக் கோடு இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. பத்தாம் வகுப்போடு சத்துணவு முடிந்துவிடும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பசிக்காதா?

இங்கே ஒரு பையனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் வேண்டாம், பள்ளி எது என்பதும் வேண்டாம். 1996 அல்லது 97. நான் பிளஸ் ஒன் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். மதியம் மேற்பார்வைக்குப் போனால் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு பையன் மட்டும் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். மடியில் டிபன் பாக்ஸ். மூடியைத் தூக்கி முகத்துக்கு நேரே மறைப்பாகப் பிடித்திருப்பான். கை வாய்க்குப் போய் வரும். “என்னப்பா சாப்பாடு?” என்று கேட்பேன். “புளிச்சோறு சார்” என்பான். மறுவாரம் கேட்டாலும் புளிச்சோறுதான். பிறகு எழுந்து குழாயடிக்குப் போய்க் குனிந்து தண்ணீர் குடிப்பான். குடித்துக்கொண்டே இருப்பான். நிறையத் தண்ணீர் குடிக்கிற பையன் என்று நினைத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

ஒரு நாள் மாலை தனி வகுப்பு. மணி ஐந்தேகால் இருக்கும். கரும்பலகையில் கணக்குப் போடச் சொல்லி அவனைக் கூப்பிட்டேன். முதல் வரி எழுதினான். இரண்டாவது வரியில் சாக்பீஸ் அப்படியே நின்றுவிட்டது. “கவனம் எங்கேடா இருக்கு?” என்று சத்தம் போட்டேன். அந்தச் சத்தத்தை இன்று வரை என்னால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவன் பலகையைப் பிடித்துக்கொண்டே சரிந்தான். சட்டை முழுக்கச் சாக்பீஸ் தூள். தூக்கி வெளியே கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தோம். எதிர்த்த கடையிலிருந்து டீயும் பன்னும் ஓடி வந்தது. அவன் பையை நான் கையில் எடுத்தேன். உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். கழுவித் துடைத்த பாத்திரம், அதற்குள் ஒரு ஸ்பூன். புளி வாடைகூட இல்லை.

அவன் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர். விடியுமுன்னே வேன் வந்துவிடும். மானாவாரியில் போட்ட உளுந்து மழையில்லாமல் கருகிப்போன வருடம் அது. இரண்டு தங்கைகளுக்கும் பள்ளியில் சத்துணவு உண்டு. இவன் பதினொன்றுக்கு வந்துவிட்டான், இவனுக்கு இல்லை. யாருக்கும் தெரியக் கூடாதென்று ஜூன் மாதத்திலிருந்து காலிப் பாத்திரத்தைச் சுமந்து வந்திருக்கிறான்.

சத்துணவு ஆயாவிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “சார், போன வருசம் வரைக்கும் எங்கையால சாப்பிட்ட பிள்ளை சார். இந்த வருசம் நோட்டுல பேர் இல்ல.”

நாங்கள் நாலு ஆசிரியர்கள் மாதம் இருபது ரூபாய் போட ஒத்துக்கொண்டோம். அது காணாது என்று எங்களுக்கே தெரியும். வழி சொன்னதும் அந்த ஆயாதான். தெருவில் பதினொரு வீட்டில் பனையோலைக் கொட்டான் ஒன்று கொடுத்தார். ராத்திரி உலைக்கு அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு பிடி கொட்டானில் போட வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை அவரே போய் வாங்கி வந்துவிடுவார். அந்த அரிசியில் இவனோடு சேர்ந்து ஒன்பது பிள்ளைகள் பிளஸ் டூ முடித்தார்கள். தீப்பெட்டி ஒட்டிக் கூலி வாங்கும் வீடுகள்தான் அந்தப் பதினொன்றும்.

இப்போது மாதம் பிறந்தால் எனக்கு ஒரு மூட்டை அரிசி லாரி சர்வீஸில் வந்து சேர்கிறது. அனுப்புநர் பெயர் இருக்காது. ரசீதில் எண்களை எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் போதும். அந்த 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு போடக் கற்றுக்கொடுத்தவன் நான்தானே!

சரி, இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்றேன். சுவரை எப்படிப் பூச வேண்டும் என்பதும் முக்கியம். இந்தப் பள்ளியில் நம் ஆட்கள் செய்வதையே சொல்கிறேன். தனி வகுப்புக்கு உட்காரும் பிள்ளைகள் நூற்றைம்பது பேர். ஆளுக்கு 30 கிராம் கடலை என்றால் நாலரைக் கிலோ. ராத்திரியே ஊறப் போட்டுவிட வேண்டும். மறந்துவிட்டால் அன்று சுண்டல் கிடையாது. அந்த மாதிரி நாளுக்குத்தான் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இருப்பு வைத்திருக்கிறோம். ஒரு நாள் கடலை, ஒரு நாள் தட்டப்பயறு, ஒரு நாள் பாசிப்பயறு. தாளிப்பில் தேங்காய் கட்டாயம். நாலரை மணிக்குத் தட்டில் சூடாக இருக்க வேண்டும். ஆறு மணிக்குக் கொடுத்தால் அதற்குள் பாடம் பாதி போய்விடும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். பேனருக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாதீர்கள். “வசதி இல்லாதவர்கள் மட்டும் கையைத் தூக்குங்கள்” என்று எந்த வகுப்பிலும் கேட்காதீர்கள். காலி டிபன் பாக்ஸைச் சுமந்தவன் கையைத் தூக்குவானா? வகுப்பில் எல்லோருக்கும் வையுங்கள். வேண்டாதவன் வேண்டாம் என்பான், அவனால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் நண்பர்களே, நாம் கொடுப்பது சுண்டல். அது மாலைக்கு. நடுப்பகலுக்கு என்ன வழி? நூற்றைம்பது பேருக்கு 200 நாள் மதியச் சோறு போட ஓர் ஊரால் முடியாது. முடிந்தாலும் நாம் முடிகிற ஊர், பக்கத்து ஊர் என்ன செய்யும்? அதனால்தான் பத்து வருடமாக எந்த மேடை ஏறினாலும் இதையே கேட்கிறேன்: பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கும் சத்துணவு வேண்டும். சமையல்கூடம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, சமைக்கும் கைகள் இருக்கின்றன. அதே வளாகத்தில், அதே மணிக்கு, பத்தாம் வகுப்புத் தம்பி தட்டை எடுத்துக்கொண்டு போகிறான், பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கூடுதலாக வேண்டியது அரிசியும் பருப்பும் ஓர் அரசாணையும். 1956-ல் முதலில் ஊர் செய்து காட்டியது, பிறகு அரசு வந்தது. அதே வழியில்தான் நாமும் போகிறோம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மைக்கை நான் பிடித்தால் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். முருங்கையைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். நிலத்தை மட்டும் யாரும் வண்டி நிறுத்தும் இடமாக மாற்றிவிடாதீர்கள் என்று தலைமையாசிரியர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜனவரி 26 கிராம சபை. ஊராட்சித் தலைவர் இங்கேயே இருக்கிறார், அவர் முன்னிலையிலேயே கேட்கிறேன். மேல்நிலை வகுப்புகளுக்கும் மதிய உணவு வேண்டும் என்று ஒரு தீர்மானம். வாசகம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், என் சட்டைப் பையில் இருக்கிறது, இறங்கியதும் அவரிடம் கொடுத்துவிடுவேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பதைத் தீர்மானத்தின் முதல் வரியாகவே வைத்திருக்கிறேன். தாய்மார்கள் அன்றைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

வாசல் பக்கம் மேசையில் நீல அட்டை நோட்டு ஒன்று இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதத் தேதிகள் கோடு போட்டு வைத்திருக்கிறோம். உங்களால் முடிந்த ஒரு தேதிக்கு நேரே பெயரை எழுதுங்கள். அந்த நோட்டுக்குப் பக்கத்தில் இருபது கொட்டான்களும் இருக்கின்றன. எடுத்துக்கொண்டு போங்கள்.

வணக்கம்.