வீட்டுக்குள் வந்த டிரிஸ்ட்ரம்

அன்பர்களே,

வண்ணக் கண்ணாடி என்றதும் தேவாலயம்தான் நினைவுக்கு வரும். உயரத்தில் புனிதர்கள், கீழே அண்ணாந்து பார்க்கும் மக்கள். நான் பேச வந்திருப்பது ஒரு வணிகரின் வீட்டைப் பற்றி.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில், பிங்லிக்கு அருகே ஹார்டன் கிரேஞ்ச் என்ற வீடு. உரிமையாளர் வால்டர் டன்லப், பிராட்ஃபோர்டு வணிகர். 1862-இல் அவர் தம் வீட்டுக்குக் கண்ணாடி ஓவியங்கள் வேண்டுமென்று, கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸின் அலங்காரக் கலை நிறுவனத்தை நாடினார். நிறுவனம் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. மோரிசுக்கு வயது 28. அவர்கள் செய்து கொடுத்தவை 13 ஓவியங்கள். 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மாலரி எழுதிய டிரிஸ்ட்ரம்–இசூத் கதையே பொருள்.

எத்தனை துணிச்சலான தேர்வு! மன்னன் மார்க்குக்கு மணப்பெண்ணாக இசூத் கப்பலில் வருகிறாள். அவளை அழைத்து வருபவன் மன்னனின் சகோதரி மகனான வீரன் டிரிஸ்ட்ரம். இருவரும் அறியாமல் காதல் மருந்தைப் பருகிவிடுகிறார்கள். அன்று பற்றியது சாகும்வரை அணையவில்லை. இசூத்தின் முன் யாழ் மீட்டிக்கொண்டிருந்த டிரிஸ்ட்ரமை மார்க் கொன்றான் என்கிறார் மாலரி. புனிதர்கள் மேல் விழுந்துவந்த ஒளி, முறை மீறிய இந்தக் காதலின் மேல் விழுந்தது.

காட்சிகளைப் பல ஓவியர்கள் பகிர்ந்து வரைந்தார்கள். டிரிஸ்ட்ரமின் பிறப்பை வரைந்தவர் ஆர்தர் ஹியூஸ். அயர்லாந்து வீரன் மார்ஹாஸுடன் நடந்த போரும் மருந்து பருகும் காட்சியும் ரோசெட்டியுடையவை. டிரிஸ்ட்ரமின் பித்தும், காதலரின் கல்லறையும் பர்ன்-ஜோன்ஸ். மரணம் மேடாக்ஸ் பிரவுன். மோரிஸும் சில வரைந்தார். இத்தனை கைகள் பட்டும் தொடர் சிதறவில்லை. அதற்குக் காரணம் பட்டறை என்பேன். ஓவியர் தருவது காகிதத்தில் வரைந்த மாதிரிச் சித்திரம். உருக்கும்போதே நிறமேற்றிய கண்ணாடியில் எந்தத் துண்டு எங்கே என்பதைத் தீர்மானிப்பதில் மோரிஸின் கண்ணே முதன்மை. துண்டுகளை வெட்டி, முகத்தையும் ஆடை மடிப்பையும் கரும்பழுப்புப் பூச்சால் தீட்டிச் சூளையில் சுடுவார்கள். மஞ்சளுக்கு வெள்ளிச் சேர்மம். பிறகு ஈயப்பட்டிகளால் இணைப்பார்கள். அந்த ஈயமும் ஒரு கோடுதான். அது தவறான இடத்தில் ஓடினால் கழுத்தை அறுத்துவிடும். சரியாக ஓடினால் தோளும் வாளும் அதிலேயே எழும்.

தேவாலயக் கண்ணாடி தொலைவுக்காகச் செய்யப்பட்டது. இவை வீட்டில் கிட்ட நின்று பார்ப்பதற்காக. அதனால்தான் ஒவ்வொன்றின் கீழும் காட்சியைச் சொல்லும் எழுத்துகள் இருக்கின்றன. வீட்டார் படித்துக்கொண்டே பார்க்கலாம். மாலரியை அறியாதவரும் கதையைத் தொடரலாம்.

இன்று இவை கீத்லியின் கிளிஃப் காசில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. யார்க்ஷயர் பக்கம் போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள். முதல் சுற்றில் முகங்களை விட்டுவிட்டு ஈயக் கோடுகளை மட்டும் கண்ணால் தொடருங்கள். கதையை இரண்டாம் சுற்றில் படித்துக்கொள்ளலாம்.