பழைய படகுக்கு மாற்றுப் பாய்மரம்: நீளத்தைப் பார்த்து வாங்கிடாதீங்க!

வணக்கம் நண்பர்களே! டர்பன், ரிச்சர்ட்ஸ் பே, கேப் டவுன்னு எங்கிருந்து பார்க்கிற தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். படகு பழசு, பாய்மரம் ஒடிஞ்சு போச்சு, செஞ்ச கம்பெனியும் இப்ப இல்லை. உடனே எல்லாரும் கேட்கிறது, "எத்தனை அடி நீளம்?" அதைக் கடைசியா கேளுங்க. பாய்மரம்ங்கிறது ஒரு அலுமினியக் குழாய்தான், முதல்ல அந்தக் குழாயோட பருமனைக் கேளுங்க.

[திரையில்: பிளாஸ்டிக் ஸ்கேலை ரெண்டு முனையிலயும் பிடிச்சு அழுத்தும் கை]

பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கிற பக்கக் கம்பிகள் இழுக்க இழுக்க மரம் கீழ்நோக்கி அமுங்கும். தாங்காதப்போ இந்த ஸ்கேல் மாதிரியே நடுவுல வளைஞ்சு மடங்கும். இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. சுவர்த் தடிப்பு மாறாம விட்டம் மட்டும் 10 சதவீதம் கூடினா, விறைப்பு 33 சதவீதம் கூடும்! டெக்குல (படகோட மேல்தளம்) இருந்து ஸ்ப்ரெடர் (பக்கக் கம்பியை வெளியே தள்ளிப் பிடிக்கிற குறுக்குக் கை) வரைக்கும் 4 மீட்டர் இருந்தது 4.4 மீட்டர் ஆனா, தாங்குற பாரம் 17 சதவீதம் குறையும். மரத்தோட மொத்த நீளம் அச்சா பொருந்தினாலும், ஸ்ப்ரெடர் தப்பான உயரத்துல இருந்தா அந்த மரம் உங்களுக்கு ஆகாது. அதுக்காக ரொம்பப் பருத்ததையும் எடுக்காதீங்க. உச்சியில கனம் ஏறி படகு கூடுதலா சாயும்.

அதனால ஒடிஞ்ச துண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க, ப்ளீஸ்! முன்பின் அகலம், பக்க அகலம், சுவர்த் தடிப்பு, பாய் ஏறுற பள்ளத்தோட வாய் அகலம், ஸ்ப்ரெடர் உயரம் எல்லாம் அதுலதான் இருக்கு.

டெக்கைத் தாண்டி கீல் (படகோட அடிமுதுகு) வரைக்கும் இறங்கிற மரத்தை வெட்டி டெக்குல நிறுத்தலாமான்னு கேட்பாங்க. டெக்குல கிடைச்ச பிடிப்பு போயிடும். அதே படகுக்கு இன்னும் பருத்த குழாய் வேணும்.

எங்க தேடறது? எல்26, மியூரா மாதிரி தென்னாப்பிரிக்காவுலயே கட்டின படகுன்னா, உடைப்புக்கு வர்ற அதே வகைப் படகுகளை முதல்ல பாருங்க. வெளிநாட்டுல இருந்துன்னா, 40 அடி கன்டெய்னருக்குள்ள நீளம் சுமார் 12 மீட்டர்தான். அதுக்கு மேல போனா வெட்டித்தான் வரும். வெட்டினதை வெல்டிங் பண்ணாதீங்க. சூடு பட்ட இடத்துல அலுமினியம் பலம் இழக்கும். உள்ளே இறுக்கமா ஸ்லீவ் (உள்குழாய்) வச்சு மோனல் (நிக்கல்-செம்புக் கலவை) ரிவெட் அடிக்கணும். மூட்டு, டெக், ஸ்ப்ரெடர் மாதிரி ரெண்டு தாங்கலுக்கு நட்டநடுவுல வரவே கூடாது.

பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி அடிமுனையையும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொடுற ஒவ்வொரு இடத்தையும் கத்தி முனையால சுரண்டுங்க. வெள்ளைப் பொடி கொட்டி குழி விழுந்தா வேண்டாம். ஸ்ப்ரெடர் அடியில மயிரிழை விரிசல் தெரிஞ்சாலும் வேண்டாம். மரத்தோட வர்ற பழைய கம்பிகளைத் திரும்பக் கட்டாதீங்க, புதுசு போடுங்க.

நீங்க எடுத்த அளவுகளைக் கமெண்ட்ல போடுங்க, ஸ்ப்ரெடர் உயரத்தையும் சேர்த்து!