பட்டா இல்லாத விடுதலை

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

1862-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வாஷிங்டன் தலைநகருக்கென்று ஒரு சட்டம் வந்தது. நகர எல்லைக்குள் அடிமைகளாக இருந்த சுமார் 3,000 பேருக்கும் அன்று முதல் விடுதலை. அந்தச் சட்டத்தில் நஷ்டஈட்டுக்கும் இடம் இருந்தது, தலைக்கு 300 டாலர் வரை. வாங்கிக்கொண்டவர்கள் எஜமானர்கள். வாழ்நாள் முழுக்கக் கூலியில்லாமல் உழைத்தவருக்குச் சட்டம் வைத்திருந்தது வேறு கணக்கு: நாட்டை விட்டு ஹைட்டிக்கோ லைபீரியாவுக்கோ போய்விடச் சம்மதித்தால் 100 டாலர் வரை கிடைக்கும். போக மாட்டேன் என்றால் ஒன்றும் கிடையாது.

ஆபிரகாம் லிங்கன், உள்நாட்டுப் போர், அடிமை ஒழிப்பு என்று நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துபோகிற கதை இது. அடிமைத்தளை அறுந்த மறுநாள் காலையில், நாடு முழுக்க அடிமைகளாக இருந்த 40 லட்சம் பேர் யாருடைய மண்ணில் நின்றார்கள், அன்று ராத்திரி அடுப்பில் எதை வைத்தார்கள் என்று அந்தப் புத்தகம் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1619-இல் ஆங்கிலேயக் குடியேற்றமான வர்ஜீனியாவில் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1662-இல் அந்தக் குடியேற்றத்தின் சட்டமன்றம் ஒரு விதி செய்தது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. தகப்பன் அந்தப் பண்ணையின் முதலாளியாகவே இருந்தாலும் சரி. தாயின் வயிற்றிலேயே அடிமைத்தனத்தை எழுதிவைத்த இந்தச் சட்டத்தைப் போலக் கொடுமையான ஒன்றை நான் அதிகம் படித்ததில்லை. 1793-இல் பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின் இயந்திரம் வந்தது; பருத்தி தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவியது. 1808 முதல் ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களை இறக்கத் தடை. ஆனாலும் 1790-இல் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-இல் 40 லட்சத்தை எட்டினார்கள். பிறந்த குழந்தை எல்லாம் முதலாளியின் சொத்துக் கணக்கில் ஏறியது. உள்நாட்டுப் போர் மூளும்போது அமெரிக்க ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்திதான்.

இனி சவானா நகரத்துக்குப் போவோம்.

1864 டிசம்பர் கடைசியில், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு போரிட்ட லிங்கன் அரசின் ஜெனரல் வில்லியம் ஷெர்மனின் படை ஜார்ஜியா மாநிலத்தைக் கடந்துவந்து அந்தத் துறைமுக நகரைப் பிடித்தது. படைக்குப் பின்னாலேயே ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் பண்ணைகளை விட்டுக் கிளம்பி வந்திருந்தார்கள். இவர்களை என்ன செய்வது? யுத்த அமைச்சர் எட்வின் ஸ்டான்டன் வாஷிங்டனிலிருந்து நேரில் வந்தார். 1865 ஜனவரி 12, ராத்திரி எட்டு மணி. ஷெர்மன் தங்கியிருந்த மாளிகைக்குக் கறுப்பினச் சபைகளின் போதகர்களும் பொறுப்பாளர்களுமாக 20 பேரை அழைத்தார்கள். அவர்களில் சிலர் இரண்டு மூன்று வாரம் முன்பு வரை அடிமைகள். சிலர் பணம் கொடுத்துத் தங்களைத் தாங்களே வாங்கிக்கொண்டவர்கள்.

எல்லாருக்குமாகப் பேச அவர்கள் தேர்ந்தெடுத்தவர் காரிசன் ஃப்ரேசியர். பாப்டிஸ்ட் போதகர், 67 வயது. தன்னையும் தன் மனைவியையும் மீட்க 1,000 டாலரைத் தங்கமும் வெள்ளியுமாக எண்ணிக் கொடுத்தவர். கொடுத்து எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

அமைச்சர் கேள்வி கேட்கிறார், பெரியவர் பதில் சொல்கிறார், ஓர் அதிகாரி எழுதிக்கொள்கிறார். அடிமைத்தனம் என்றால் என்ன என்று நீர் புரிந்துகொண்டிருக்கிறீர்? ஃப்ரேசியர் சொன்னார்: "எதிர்க்க முடியாத பலத்தைக் கொண்டு, இன்னொரு மனிதனின் உழைப்பை அவன் சம்மதமில்லாமல் எடுத்துக்கொள்வது." சட்டப் புத்தகங்களில் தேடினாலும் இவ்வளவு தெளிவு கிடைப்பது அபூர்வம். உங்களை நீங்களே காப்பாற்றிக்கொள்ள என்ன வழி என்று அடுத்த கேள்வி. பதிலை அவர் தேடவேண்டியிருக்கவில்லை: எங்களுக்கு நிலம் வேண்டும், எங்கள் உழைப்பால் அதை உழுது பயிர் செய்வோம், சீக்கிரமே எங்களைக் காப்பாற்றிக்கொண்டு மிச்சமும் வைப்போம், நாங்களே விலைக்கு வாங்கும் நிலைக்கு வரும்வரை எங்களை நிலத்தில் உட்காரவையுங்கள் என்றார். இலவசமாகக் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வெள்ளையரோடு கலந்து வாழ விரும்புகிறீர்களா, தனியாகவா என்றும் கேட்டார்கள். தனியாகத்தான், தெற்கில் எங்கள் மேல் உள்ள வெறுப்பு மறைய வருஷங்கள் ஆகும் என்றார் ஃப்ரேசியர். பால்டிமோரில் சுதந்திரமாகவே பிறந்த ஜேம்ஸ் லிஞ்ச் என்ற 26 வயது இளைஞர் ஒருவர் மட்டும் இதில் மாறுபட்டார், சேர்ந்தே வாழலாம் என்றார். ஷெர்மனைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்ற கேள்வி வந்தபோது, அந்த ஜெனரலையே அறையை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். நேற்றுவரை அடிமையாக இருந்தவர்களிடம் ஒரு படைத்தலைவரைப் பற்றிச் சாட்சி கேட்டு, அவரை வெளியே நிற்கவைத்த ராத்திரி அது.

நான்கே நாளில், ஜனவரி 16-ஆம் தேதி, ஷெர்மன் தம் 15-ஆம் எண் கள ஆணையைப் பிறப்பித்தார். சவுத் கரோலினாவின் சார்ல்ஸ்டன் தொடங்கித் தெற்கே ஃப்ளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரை உள்ள கடலோரத் தீவுகள், கடலிலிருந்து 30 மைல் வரை ஆற்றங்கரைகளில் முதலாளிகள் கைவிட்டுப்போன நெல்வயல்கள், எல்லாம் விடுதலை பெற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. "நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்" என்று அமெரிக்காவில் இன்றும் சொல்கிற பேச்சு இங்கிருந்து வந்ததுதான். ஆணையில் கழுதை கிடையாது. படையில் உபயோகமில்லாமல் நின்ற விலங்குகளைப் பிறகு கொடுத்தார்கள். ஜூன் மாதத்துக்குள் சுமார் 40,000 பேர் 4 லட்சம் ஏக்கரில் குடியேறிவிட்டார்கள். அன்றைக்கு அந்த அறையில் உட்கார்ந்திருந்த யுலிசிஸ் ஹூஸ்டன் என்ற போதகரே தம் மக்களை அழைத்துக்கொண்டு ஸ்கிடவே தீவில் போய் மனை பிரித்தார்.

ஆனால் அவர்கள் கையில் இருந்தது அனுபவச் சீட்டு மட்டும்தான். போர்க்காலத்து ராணுவ ஆணையின் பேரில் கொடுத்தது. முழு உரிமை நாடாளுமன்றம் முடிவு செய்தால்தான். பட்டா இல்லாமல் பிழைக்கிற எந்தக் குடியானவருக்கும் இதன் ஆபத்து உடனே புரியும்.

ஏப்ரல் 14 ராத்திரி லிங்கன் சுடப்பட்டார், மறுநாள் காலை இறந்தார். அந்த இடத்துக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன் டென்னசிக்காரர், அவரே அடிமைகளை வைத்திருந்தவர். மே மாதம் பொதுமன்னிப்பு அறிவித்தார். நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தவர்களுக்கு மன்னிப்போடு அடிமைகள் நீங்கலாகச் சொத்துகளும் திரும்பக் கிடைத்தன. அதில் இந்தத் தீவுகளும் அடக்கம்.

இதை மக்களிடம் போய்ச் சொல்லும் வேலை ஜெனரல் ஆலிவர் ஹோவர்ட் தலையில் விழுந்தது. விடுதலை பெற்றோர் நலத்துறையின் தலைவர் அவர். போரில் வலது கையை இழந்தவர், நல்ல மனிதர், நிலம் இவர்களுக்கே சேரவேண்டும் என்று தாமே சுற்றறிக்கை விட்டு, ஜனாதிபதி சொல்லி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டவர். அக்டோபரில், அப்படி ஒதுக்கிய தீவுகளில் ஒன்றான எடிஸ்டோவின் தேவாலயத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பழைய முதலாளிகளோடு சமாதானமாகப் போங்கள், அவர்களிடம் வேலைக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள் என்று ஹோவர்ட் பேசினார். "இல்லை, இல்லை" என்று சபை ஒரே குரலில் கத்தியது. மாடியிலிருந்து ஒருவர் எழுந்து கேட்டார்: "ஜெனரல் ஹோவர்ட், எங்கள் நிலத்தை ஏன் பறிக்கிறீர்கள்? அரசாங்கத்துக்கு என்றும் உண்மையாக இருந்த எங்களிடமிருந்து பறித்து, என்றும் எங்களுக்கு எதிரிகளானவர்களிடம் கொடுக்கிறீர்களே! இது நியாயம் இல்லை."

ஹென்றி பிராம், இஷ்மேல் மோல்ட்ரி, யேட்ஸ் சாம்ப்சன் என்ற மூன்று பேர் தீவின் சார்பில் ஹோவர்டுக்குக் கடிதம் எழுதினார்கள். அதில் ஒரு பகுதி. நிலச் சொந்தக்காரர்களை மன்னிக்கச் சொல்கிறீர்கள். நீங்கள் போரில் இழந்தது வலது கை, நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டிவைத்து 39 கசையடி கொடுத்தவன், என் தாயையும் என் தங்கையையும் துணியை உரிந்து அடித்தவன், தான் சொன்ன விலைக்கு அவன் பயிரை நான் செய்தாலொழியத் தன் காலிக் குடிசையில்கூட என்னைத் தங்கவிடாதவன், எனக்கு நிலம் கிடைத்துவிடாமல் மற்றவர்களோடு கூடிச் சதி செய்கிறவன், அவனை நான் எப்படி மன்னிப்பேன் என்று கேட்டார்கள். எங்கள் தகப்பன்மாரின் எலும்பைப் புதைக்கக்கூட நிலமில்லாமல் செய்கிறார்கள் என்றும் எழுதினார்கள்.

இந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தாலும் ஆறமுடிவதில்லை. தங்களுக்கு நடக்கப்போவது என்ன என்று அந்த மூவருக்கும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. எனக்கென்று நிலம் இருந்தால் இவனோடு எனக்குச் சங்காத்தமே இல்லை, அது தெரிந்துதான் இவன் தடுக்கிறான் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அமெரிக்க வரலாற்றின் அடுத்த நூறு வருஷத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த நவம்பரிலேயே மிசிசிப்பி மாநிலம் சட்டம் போட்டது: விடுதலை பெற்றவர்கள் நகர எல்லைக்கு வெளியே நிலத்தைக் குத்தகைக்குக்கூட எடுக்கக்கூடாது. வருஷா வருஷம் ஜனவரியில் வேலை இருப்பதற்கு எழுத்துமூலச் சான்று காட்டவேண்டும். 1867-இல் தேடியஸ் ஸ்டீவன்ஸ் பெரும் பண்ணைகளைப் பறித்து 40 ஏக்கராகப் பிரித்துக் கொடுக்க நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அது தேறவில்லை. அதே காலத்தில் மேற்கே, 1862-இன் குடியேற்றச் சட்டப்படி, ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம் என்று அரசாங்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதுவும் பூர்வகுடி மக்களிடமிருந்து பிடுங்கிய மண். கொடுக்க நிலம் இல்லாமல் போகவில்லை.

பண்ணைகளில் மிஞ்சியது வாரச் சாகுபடி. நிலமும் கழுதையும் கலப்பையும் விதையும் முதலாளியுடையது, உழைப்பு குடும்பத்துடையது, விளைச்சலில் பாதி. அறுவடை வரைக்கும் சாப்பாட்டுக்கு? பண்ணைக் கடையில் சோளமாவு, உப்பிட்ட பன்றிக்கறி, வெல்லப்பாகு எல்லாம் கடனுக்கு. ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று, அதற்கு மேல் வட்டி. பருத்திதான் போடவேண்டும், ஏனென்றால் கடனுக்கு ஈடு அந்தப் பருத்திதான். வீட்டைச் சுற்றிக் காய்கறி போட்டால் கடையில் வியாபாரம் குறையுமே என்று வாசல்வரை பருத்தி போடச் சொன்ன முதலாளிகளும் உண்டு. வருஷக் கடைசியில் கணக்குத் தீர்க்க உட்கார்ந்தால் நோட்டு முதலாளி கையில். அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது தெற்கின் பல மாநிலங்களில் குற்றமாக இருந்தது. அப்படி வளர்ந்தவர் அந்த நோட்டில் எதைப் பார்த்துக் கேள்வி கேட்பார்? பாக்கி அடுத்த வருஷக் கணக்கில் ஏறும். பின்னாளில் ஏழை வெள்ளையர்களும் லட்சக்கணக்கில் இதே கண்ணியில் சிக்கினார்கள்.

எல்லா இடத்திலும் இப்படியே நடந்துவிடவில்லை. எடிஸ்டோவுக்குத் தெற்கே போஃபோர்ட் தீவுகளில் ஓடிப்போன முதலாளிகள் வரி கட்டாததால் 1863-இல் நிலங்களை ஏலம் விட்டிருந்தார்கள். ஏலத்தில் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது முறையான கிரயம். ராபர்ட் ஸ்மால்ஸ் என்பவர் 1862-இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து தெற்குப் படையின் கப்பலையே குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு தப்பியவர். தாம் எந்த வீட்டின் பின்கட்டில் அடிமையாகப் பிறந்தாரோ, அந்த வீட்டையே வரி ஏலத்தில் வாங்கினார். அந்தக் கிரயத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் ஸ்மால்ஸ் ஜெயித்தார். நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். இரண்டு தீவுக் கூட்டங்களுக்கும் நடுவே சில மைல்தான். ஒரு பக்கம் அனுபவச் சீட்டு, மறுபக்கம் கிரயப் பத்திரம். அந்த வித்தியாசம் தலைமுறைகளைத் தீர்மானித்தது.

அரசாங்கம் கைவிட்ட பிறகும் இந்த மக்கள் சொந்தக் காசு சேர்த்து நிலம் வாங்கினார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1910 வாக்கில் கறுப்பின விவசாயிகள் கையில் சுமார் 1.5 கோடி ஏக்கர் இருந்தது. வாக்குரிமை பறிபோன, கும்பல் கொலைகள் நடந்த அதே காலத்தில் சேர்த்த நிலம் அது. அதற்குப் பிறகுதான் சரிவு. 1933-இல் விலையைத் தூக்க அரசாங்கம் பருத்தியை உழுது அழிக்கப் பணம் கொடுத்தது; பணம் நிலச்சொந்தக்காரர் கைக்குப் போனது, வாரக்குடிகள் தெருவுக்குப் போனார்கள். 1935-இன் முதியோர் பாதுகாப்புத் திட்டத்தில் விவசாயத் தொழிலாளருக்கும் வீட்டுவேலைக்காரருக்கும் இடமில்லை. 1910-க்கும் 1970-க்கும் இடையில் சுமார் 60 லட்சம் பேர் சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் என்று கிளம்பிப்போனார்கள். அங்கே அவர்கள் குடியிருந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, வீட்டுக் கடன் கொடுக்கத் தகாத இடம் என்றார்கள். ஊரில் தங்கியவர்களுக்கு விவசாயத் துறையின் கடன் அலுவலகங்கள் காட்டிய பாரபட்சம் 1997-இல் வழக்காகி, 1999-இல் சமரசத் தீர்ப்பாயிற்று. 1920-இல் 9 லட்சத்துக்கு மேல் இருந்த கறுப்பின விவசாயிகள் அப்போது 20,000-க்கும் குறைவு.

மிஞ்சிய நிலத்துக்கு வந்த ஆபத்து நம் நேயர்களுக்கு எளிதில் விளங்கும். வக்கீலையும் நீதிமன்றத்தையும் நம்பமுடியாத தலைமுறை உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தது. தாத்தாவின் நிலம் பிரிக்கப்படாமல் நாற்பது ஐம்பது வாரிசுகளுக்குப் பொதுவாக நின்றது. எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு பங்காளியின் சிறு பங்கை ஒரு கட்டுமானக் கம்பெனி வாங்கும். பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போடும். நீதிமன்றம் மொத்த நிலத்தையும் ஏலத்துக்கு விடும். கடலோரத் தீவுகள் உல்லாச விடுதிகளாக மாறியதில் இந்த வழிக்கும் பங்கு உண்டு.

2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒரு வெள்ளை இனவெறியன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இறந்தவர்களில் ஒருவர் அந்தச் சபையின் போதகரும் மாநில செனட்டருமான கிளமென்டா பிங்க்னி. மறு ஆண்டு சவுத் கரோலினா வாரிசு நிலங்களுக்கான புதிய பாகப்பிரிவினைச் சட்டத்தை நிறைவேற்றி அவர் பெயரை வைத்தது. இப்போது அங்கே வெளியார் யாரும் வழக்குப் போட்டவுடன் நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுபோய்விட முடியாது. முதலில் நியாயமான சந்தை விலை கணக்கிடவேண்டும். விற்கக் கேட்கிறவரின் பங்கை அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளக் குடும்பத்தாருக்கே முதல் வாய்ப்பு. நிலத்தோடு அந்தக் குடும்பத்துக்கு எத்தனை காலப் பந்தம் என்பதையும் நீதிபதி கருத்தில் கொள்ளவேண்டும்.

நன்றி, வணக்கம்.